பட்டயப் படத்தில் வளர்ந்த வீடு

திரைப்படக் கல்லூரியில் படிப்பை முடிக்கும் மாணவர் தம் தேர்ச்சிக்குச் சான்றாக எடுத்துக் கொடுக்கும் குறும்படம் பட்டயப் படம். கல்லூரி வளாகங்களில் இதை டிப்ளமோ படம் என்பார்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி வரை ஓடும் இந்தப் படங்களில் அடிக்கடி தலைகாட்டும் கதைப்பொருள்களுள் ஒன்று, வளர்ந்த வீட்டைவிட்டுப் போவது. வீடு விலைபோகிறது, இடிபடுகிறது, அண்ணன் தம்பிகளுக்குள் பாகமாகிறது. அல்லது வீடு அப்படியே நிற்க, பிள்ளை மட்டும் பிழைப்புத் தேடிக் கிளம்புகிறது. மாணவர் கையில் எது இருந்தது, எது இல்லை என்ற கணக்கே இந்த வகைப் படத்தின் வடிவத்தைப் பெரிதும் தீர்மானித்தது. அதன் வரலாறும் ஒரு தட்டுப்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

ஃபிலிம் இல்லாத பள்ளி

உலகின் முதல் திரைப்படப் பள்ளி 1919இல் மாஸ்கோவில் தொடங்கியது. பின்னாளில் வி.ஜி.ஐ.கே. என்று பெயர் பெற்றது இதுவே. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம்; வெளிநாட்டிலிருந்து கச்சா ஃபிலிம் வருவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. லெவ் குலெஷோவ் நடத்திய பட்டறையில் மாணவர்கள் கேமரா இல்லாமலே படம் 'எடுத்தார்கள்'. காட்சிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து மேடையில் நடித்துக் காட்டுவார்கள். திரை மூடித் திறந்தால் அடுத்த ஷாட். இருந்த பழைய படங்களை வெட்டி, வேறு வரிசையில் ஒட்டிப் பார்த்தும் பழகினார்கள்.

அதன்பின் மற்ற நாடுகளிலும் கல்லூரிகள் வந்தன. அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 1929இல் திரைப்படக் கல்வியைத் தொடங்கியது. ரோமில் 1935இலும் பிராகில் 1946இலும் போலந்தின் வூச் நகரில் 1948இலும் பள்ளிகள் எழுந்தன. ஃபிலிமை அளந்து கொடுக்கும் வழக்கம் மாணவர் படங்களோடு ஒட்டிக்கொண்டது. 16 எம்.எம். ஃபிலிமில் 400 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். அப்படிச் சில சுருள்களே கிடைக்கும் மாணவருக்கு அரங்கம் போடப் பணமும் இல்லை, தொழில்முறை நடிகருக்குச் சம்பளமும் இல்லை. வாடகை கேட்காத இடம் சொந்த வீடு. கூலி கேட்காத நடிகர்கள் அந்த வீட்டார். காலையில் எந்தச் சன்னலில் வெளிச்சம் விழும், மாலையில் எந்தச் சுவர் இருட்டும் என்பது மாணவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் ஒத்திகைக்காக ஃபிலிம் வீணாவதில்லை. வீட்டைக் கதைக்களமாக்கிய முதல் காரணம் இந்தச் சிக்கனம்.

இரண்டாவது காரணம் மாணவரின் வயது. கல்லூரிக்காக ஊரைவிட்டு வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு வாழ்க்கையில் அதுவரை நடந்த பெரிய நிகழ்ச்சி அந்தப் புறப்பாடுதான்.

மாஸ்கோ, 1960

மூன்றாவது காரணம் காலம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய நகரங்கள் பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிய அடுக்ககங்களைக் கட்டின. சோவியத் அரசு 1957இல் பெரும் வீட்டுவசதித் திட்டம் ஒன்றை அறிவித்தது. பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொண்ட பொதுக் குடியிருப்புகளிலிருந்து லட்சக்கணக்கானோர் தனி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர்.

அந்த நாட்களில் வி.ஜி.ஐ.கே.யில் படித்த ஆந்த்ரேய் தார்கோவ்ஸ்கி 1960இல் எடுத்த பட்டயப் படம் 'சாலை உருளையும் வயலினும்'. சுமார் 46 நிமிட வண்ணப் படம். வயலின் கற்கும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனும் சாலை போடும் உருளை வண்டியின் ஓட்டுநர் ஒருவரும் ஒருநாள் முழுக்கப் பழகுவதுதான் கதை. நடுவில் இருவரும் கூட்டத்தோடு நின்று ஒரு பழைய கட்டடம் இடிக்கப்படுவதைப் பார்க்கிறார்கள். சங்கிலியில் தொங்கும் இரும்புக் குண்டு சுவரில் மோதுகிறது. சுவர் சரிய, அதன் பின்னாலிருந்து வானளாவிய புதிய கட்டடம் தெரிகிறது. இடிந்தது யாருடைய வீடு என்று படம் சொல்வதில்லை. நகரமே வீடு மாறிக்கொண்டிருந்த காலத்தில் அதைச் சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இதே இயக்குநர் பதினைந்து ஆண்டுகள் கழித்து 'கண்ணாடி' படத்தில் தம் குழந்தைப்பருவ வீட்டுக்கே திரும்பினார். அழிந்துபோயிருந்த அந்த நாட்டுப்புற வீட்டைப் பழைய புகைப்படங்களைக் கொண்டு, அது முன்பு நின்ற இடத்திலேயே மறுபடி கட்டவைத்தார். முன்னால் இருந்த நிலத்தில், சிறுவயதில் பார்த்தபடி வெண்பூக்கள் பூக்கும் பாப்பரைப் பயிரை விதைக்கச் செய்தார். மாணவராக இருந்தபோது எட்டாத வசதி இது. பட்டயப் படம் எடுக்கிறவர் இருக்கிற வீட்டைத்தான் படமாக்க முடியும். இல்லாமற்போன வீட்டைக் கட்டுவதற்குத் தொழில்முறைப் படத்தின் பணம் வேண்டும்.

ஊமைக் கேமராவும் பின்னால் சேர்ந்த குரலும்

அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் மாணவர் படத்தின் முகத்தை மாற்றியது 16 எம்.எம். ஃபிலிம். கோடாக் நிறுவனம் இதை 1923இல் அறிமுகப்படுத்தியது. சுவிட்சர்லாந்தின் போலெக்ஸ் எச்-16 கேமரா 1935இல் வந்தது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் முறுக்கினால் ஓடும் கருவி அது, மின்சாரம் வேண்டாம். ஒருமுறை முறுக்கினால் ஏறத்தாழ அரை நிமிடம் ஓடும். ஆகவே ஒரு ஷாட்டின் நீளமும் அரை நிமிடத்துக்குள் அடங்கியது. ஓடும்போது கடகடவென்று சத்தம் எழுப்பியதால் பேச்சை உடனுக்குடன் பதிவு செய்வதும் இயலவில்லை.

இந்த இரு குறைகளும் சேர்ந்து ஒரு பாணியை உருவாக்கின. படம் பேசாமல் ஓடும். கதவு, படிக்கட்டு, காலியான அலமாரி, சுவரில் படம் மாட்டியிருந்த தடம் எனச் சிறுசிறு ஷாட்டுகள் அடுத்தடுத்து வரும். பின்னர் தனியாகப் பதிவு செய்த ஒரு குரல் அவற்றின்மேல் பேசும். நடந்து முடிந்ததைப் பின்னாளில் ஒருவர் நினைத்துச் சொல்வதுபோல் அது காதில் விழும். நினைவைச் சொல்வதற்கென்றே பிறந்த உத்திபோல் இன்று தோன்றும் பின்னணிக் குரல், மாணவர் படங்களில் பெரும்பாலும் கேமராவின் சத்தத்துக்குப் பரிகாரமாக நுழைந்தது. 1950களின் பிற்பகுதியில் தூக்கிச் செல்லத்தக்க நாக்ரா ஒலிப்பதிவுக் கருவி பரவி, சத்தமில்லாத கேமராக்களும் வந்தபின் வீட்டுக்குள் நடக்கும் உரையாடலை அங்கேயே பதியலாம் என்றாயிற்று. ஆனாலும் குரலைப் பின்னால் சேர்க்கும் பழக்கம் போகவில்லை.

பெல்ஜியத்தின் ஷாந்தால் அகர்மான் இந்தப் பழக்கத்தின் எல்லைவரை போனவர். பிரஸ்ஸல்ஸ் திரைப்படப் பள்ளியில் சேர்ந்து சில மாதங்களிலேயே விலகிவிட்டார். 1968இல், பதினெட்டு வயதில், சமையலறை ஒன்றுக்குள் தாமே நடித்து 13 நிமிடக் குறும்படம் எடுத்தார். வீட்டு வேலைகள் ஒவ்வொன்றாகத் தாறுமாறாகி, கடைசியில் அந்த வீடே வெடித்துப்போகும் படம் அது. பிறகு நியூயார்க் சென்றார். 1977இல் வெளிவந்த 'வீட்டிலிருந்து செய்தி' படத்தில் பிரஸ்ஸல்ஸிலிருந்து தாய் எழுதிய கடிதங்களை மகளே வாசிக்கிறார். திரையில் நியூயார்க் தெருக்களும் சுரங்க ரயிலும் மட்டுமே தெரிகின்றன. விட்டுவந்த வீடு ஒரு ஷாட்டில்கூட வராமலே படம் முழுவதும் இருக்கிறது.

தாயும் தெருவும்

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்த மார்ட்டின் ஸ்கார்செஸியின் மாணவர் படங்களுக்குக் களம் அவர் வளர்ந்த லிட்டில் இத்தாலி வட்டாரம். 1964இல் எடுத்த குறும்படத்தில் நாயகனின் தாயாக வந்து, எந்நேரமும் மகனுக்குச் சோறூட்டியபடியே இருப்பவர் அவருடைய சொந்தத் தாய் கேத்தரீன். புகழ்பெற்ற பிறகும், 1974இல், பெற்றோரின் வீட்டுக் கூடத்திலேயே அவர்களை உட்காரவைத்துப் பேசச் செய்து ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

அதே பல்கலைக்கழகத்தின் மாணவரான ஸ்பைக் லீ, 1983இல் தம் ஆய்வுப் படத்தைப் புரூக்ளினின் பெட்-ஸ்டை பகுதியில், ஒரு முடிதிருத்தும் கடையை மையமாக்கி எடுத்தார். அமெரிக்கத் திரைப்பட அகாதெமியின் மாணவர் விருது அதற்குக் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் சார்லஸ் பர்னெட் தம் முதுகலைப் படிப்புக்காக எடுத்த 'ஆடு வெட்டுபவன்' (1978) வாட்ஸ் பகுதியின் தெருக்களிலும் சிறு வீடுகளிலும் உருவானது. இம்மூவரும் வீட்டைவிட்டுப் போகிற கதையை எடுக்கவில்லை. தொழில் வெளியே இழுத்துக்கொண்டு போவதற்குள், வளர்ந்த வட்டாரத்தைப் படச்சுருளில் ஏற்றிவைத்தார்கள். ஊர் நீங்கும் படத்துக்கு இது அக்கா தங்கை உறவு.

பிரிட்டனில் இரு முத்தொகுதிகள்

வளர்ந்த வீட்டையும் அதைவிட்டு வெளியேறியதையும் நேரடியாகப் பொருளாக்கிய இரு பெரிய முயற்சிகள் பிரிட்டனில் நடந்தன. முதலாமவர் பில் டக்ளஸ். எடின்பரோ அருகே நியூகிரெய்க்ஹால் என்ற நிலக்கரிச் சுரங்கச் சிற்றூரில், வறுமையில் வளர்ந்தவர். லண்டன் திரைப்படப் பள்ளியில் படித்து முடித்ததும் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் சிறு நிதியைக் கொண்டு 'என் குழந்தைப்பருவம்' (1972) எடுத்தார். அதைத் தொடர்ந்து 'என் சொந்தங்கள்' (1973), 'வீடு திரும்பும் வழி' (1978) இரண்டும் வந்தன. சிறுவனாக நடித்த ஸ்டீஃபன் ஆர்ச்சிபால்டுக்கு நடிப்பு அனுபவம் கிடையாது. அவனைக் கண்டெடுத்த இடம் ஒரு பேருந்து நிறுத்தம். கறுப்பு வெள்ளைப் படங்கள். பேச்சு மிகக் குறைவு. மூன்றாவது படத்தில் சிறுவன் ஊரைவிட்டு ராணுவச் சேவைக்காக எகிப்துக்குப் போகிறான். வறுமை கொடுமைப்படுத்திய வீட்டைவிட்டுப் போவது விடுதலையாகவும் இருக்கும் என்பதை இந்தப் படங்கள் ஒளிக்கவில்லை.

இரண்டாமவர் டெரன்ஸ் டேவிஸ். லிவர்பூலின் உழைக்கும் வர்க்கக் குடும்பத்தில் 1945இல் பிறந்தவர். எழுத்தர் வேலையை விட்டுவிட்டு நாடகப் பள்ளியில் சேர்ந்த காலத்தில் 'குழந்தைகள்' (1976) எடுத்தார். தேசியத் திரைப்படப் பள்ளியில் அவருடைய பட்டயப் படம் 'மேரி மாதாவும் குழந்தையும்' (1980). 1983இல் மூன்றாவது படத்தோடு முத்தொகுதி நிறைவடைந்தது. அவர் வளர்ந்த தெரு நகரச் சீரமைப்பில் இடிந்துபோயிருந்தது. அதனால் 1988இல் குடும்ப நினைவுகளை முழுநீளப் படமாக்கியபோது, அந்த வீட்டைப்போன்ற வீட்டை வேறிடத்தில் தேடவேண்டி வந்தது.

ஜப்பானின் நவோமி கவாசே வேறொரு வழியைக் காட்டினார். ஒசாகாவில் புகைப்படப் பள்ளியில் படித்து முடித்த சில ஆண்டுகளில், 8 எம்.எம். கேமராவோடு, தம்மைச் சிறுவயதிலேயே விட்டுச்சென்ற தந்தையைத் தேடிப் புறப்பட்டார். குடும்பப் பதிவேட்டில் இருந்த முகவரிகளை ஒவ்வொன்றாகத் தேடிப்போனதே 1992இல் படமாயிற்று. 1994இல், தம்மை வளர்த்த பெரியபாட்டியையும் அவர் வீட்டுத் தோட்டத்தையும் படம்பிடித்தார். திரைக்கதை எழுதி நடிக்கவைக்கும் முறையிலிருந்து நகர்ந்து, உண்மை வீட்டையும் உண்மை மனிதர்களையும் பதியும் நாட்குறிப்புப் படத்துக்கு இவை முன்மாதிரி ஆயின.

புனே: ஸ்டுடியோ நின்ற இடத்தில் கல்லூரி

இந்தியாவில் எஸ். கே. பாட்டீல் தலைமையிலான விசாரணைக் குழு 1951இல் தந்த அறிக்கை, திரைப்படப் பயிற்சிக்கு ஒரு நிறுவனம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1960இல் அந்நிறுவனம் புனேயில், மூடப்பட்டுவிட்ட பிரபாத் ஸ்டுடியோவின் வளாகத்தில் அமைந்தது.

1960களின் நடுவில் அங்கே ஆசிரியராக வந்தவர் ரித்விக் கட்டக். 1925இல் டாக்காவில் பிறந்து, வங்கப் பிரிவினையால் ஊரை இழந்தவர். 'மேக டாக தாரா' (1960), 'கோமள் காந்தார்' (1961), 'சுவர்ணரேகா' ஆகிய படங்களில் வீடிழந்தோரின் வாழ்க்கையையே எடுத்திருந்தார். மணி கவுல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் முதலியோர் அவரிடம் பயின்றவர்கள். வீட்டைப் பிரிந்த வாழ்க்கையை வாழ்ந்து அறிந்து அதைச் சினிமாவாக்கிய ஒருவரின் பாடசாலையாக அவர் அங்கிருந்த காலம் புனேக்கு அமைந்தது.

அதே பத்தாண்டில் இலங்கையிலிருந்து வந்து ஒளிப்பதிவு படித்தவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர். 1969இல் படிப்பை முடித்தார். அவருடைய பட்டயப் படமான 'எ வியூ ஃப்ரம் தி ஃபோர்ட்' இயக்குநர் ராமு காரியத்தின் கண்ணில் பட்டு, 'நெல்லு' (1974) படத்தின் ஒளிப்பதிவு வாய்ப்பைப் பெற்றுத் தந்தது. பின்னாளில் பாலு மகேந்திரா சிறுவர்களின் நினைவுலகை 'அழியாத கோலங்க'ளில் (1979) எடுத்தார். நடுத்தரக் குடும்பம் ஒன்று வீடு கட்டப் படும் பாட்டை 'வீடு' (1988) படத்தில் எடுத்தார்.

கர்நாடகத்தின் கிரீஷ் காசரவள்ளி 1975இல் எடுத்த பட்டயப் படம் 'அவசேஷ்' தேசிய விருது பெற்றது. அவருடைய முழுநீளப் படமான 'த்வீபா' (2002) அணை நீரில் மூழ்கப்போகும் ஊரைவிட்டுக் கிளம்ப மறுக்கும் குடும்பத்தின் கதை; நா. டிசௌசாவின் நாவலைத் தழுவியது. வீட்டைவிட்டுப் போவது என்பது இந்தியாவில் வயது வந்ததன் அடையாளமாக மட்டும் இருந்ததில்லை. பிரிவினை, அணை, வறட்சி, போர் ஆகியவையும் வீட்டைக் காலி செய்ய வைத்தன.

தமிழ்நாடு: கல்லூரியிலிருந்து கைக்கேமராவுக்கு

சென்னைத் திரைப்படக் கல்லூரியின் பெயர் பொதுமக்களிடம் பரவலாகத் தெரியவந்தது 1986இல், அதன் மாணவர்கள் சேர்ந்து 'ஊமை விழிகள்' படத்தைத் தந்தபோது. ஆனால் அது பெருந்திரைக்கான திகில் படம். சொந்த வீடு சார்ந்த குறும்படம் தமிழ்நாட்டில் பெருகியதற்கு வேறு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கலைக்கல்லூரிகளில் பரவிய விஷுவல் கம்யூனிகேஷன் (விஸ்காம்) படிப்பு. விஸ்காம் மாணவர்கள் இறுதியாண்டில் குறும்படம் எடுத்தாக வேண்டும். மற்றொன்று, கருவிகள் மலிந்தது. 1990களின் நடுவில் டிஜிட்டல் வீடியோ கேமராக்கள் வந்தன. 2008இல் கேனன் 5டி மார்க் 2 வந்தபின், புகைப்படம் எடுக்கும் கேமராவிலேயே திரைப்படத்துக்கு நெருக்கமான பிம்பம் கிடைத்தது. கலைஞர் தொலைக்காட்சியில் 2009இல் தொடங்கிய 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சி குறும்படத்துக்கு வீட்டுக்கூடம் வரை பார்வையாளர்களைக் கொண்டுவந்தது. நலன் குமாரசாமி, கார்த்திக் சுப்புராஜ், பாலாஜி மோகன் போன்றோர் அதன்வழி பெருந்திரைக்குச் சென்றனர்.

தமிழ்ச் சூழலில் இந்தக் கதைப்பொருளுக்கு ஒரு சிக்கல் உண்டு. புதுமனை புகுவதற்கு வரிசையான சடங்குகள் இருக்கின்றன: நாள் பார்ப்பது, பசுவை முன்னே விடுவது, பால் காய்ச்சுவது. பழைய வீட்டைவிட்டுப் போவதற்கு அப்படிப் பலரும் அறிந்த சடங்கு வரிசை இல்லை. லாரி வரும், சாமான் ஏறும், சாவி கைமாறும். ஆகவே சடங்கின் இடத்தை மாணவர் பொருள்களைக் கொண்டு நிரப்பவேண்டியிருக்கிறது. வளர்த்தியைக் குறித்த நிலைக்கதவுக் கோடுகள், நாட்காட்டி தொங்கிய ஆணி, ஆட்டுக்கல் கிடந்த இடத்தின் வட்டத் தடம் போன்றவை விடைபெறும் காட்சிக்குரிய பண்டங்கள் ஆகின்றன.

எடுக்கும் முறை

காலி செய்யும் வீட்டைப் படமாக்குவதில் சில நடைமுறைகள் நிலைபெற்றுவிட்டன. நடிகர்களை வைத்து எடுப்பதானால், சாமான் நிறைந்த வீட்டுக் காட்சிகளை முதலில் எடுத்துவிட்டு, காலி வீட்டுக் காட்சிகளைக் கடைசி நாளுக்கு வைப்பார்கள். ஒருமுறை வெளியேற்றியதைப் பழையபடி அடுக்குவது கடினம். உண்மையிலேயே குடிபெயரும் குடும்பத்தைப் படம்பிடித்தால் அந்த வசதி இல்லை. லாரி ஒருமுறைதான் வரும், கதவு ஒருமுறைதான் கடைசியாகப் பூட்டப்படும். அதற்காக இரண்டு கேமராக்கள் வைப்பதுண்டு.

சிறிய அறைகளில் அகன்ற பார்வை தரும் லென்ஸ் தேவை. அதையே மிகையாகப் பயன்படுத்தினால் வீடு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிந்துவிடும். ஒலிக்கும் தனிக் கவனம் வேண்டும். துணி, மெத்தை, அலமாரி இருக்கும்வரை அவை ஒலியை உறிஞ்சுகின்றன. அவை போனதும் வெற்றுச் சுவர்களில் பேச்சு எதிரொலிக்கத் தொடங்கும். ஆள் இல்லாதபோது அறையில் கேட்கும் வெற்றொலியை, சாமான் இருந்தபோது ஒருமுறையும் காலியானபின் ஒருமுறையும் ஒரு நிமிடமாவது தனியே பதிந்துகொள்வது நல்ல வழக்கம். காட்சியை மாற்றாமல் இந்த இரண்டு ஒலிகளை மாற்றினாலே வீடு காலியானது காதுக்குத் தெரிந்துவிடும்.

ஃபிலிம் காலத்தில் மாணவர் எடுத்ததற்கும் படத்தில் நின்றதற்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. டிஜிட்டலில் 10 நிமிடப் படத்துக்குப் பல மணி நேரக் காட்சிகள் சேர்ந்துவிடும். அதனால் தட்டுப்பாடு படப்பிடிப்பிலிருந்து படத்தொகுப்புக்கு இடம் மாறியது: முன்பு எதை எடுப்பது என்று யோசித்த மாணவர், இப்போது எதை விடுவது என்று யோசிக்கிறார்.

மேடைகளும் பாதுகாப்பும்

இந்தப் படங்கள் கல்லூரிச் சுவரைத் தாண்டியதில் விழாக்களுக்குப் பங்குண்டு. ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் குறும்பட விழா 1954இல் தொடங்கியது. பிரான்சின் கிளெர்மான்-ஃபெரான் விழா 1979இல் மாணவர்கள் நடத்திய குறும்பட வாரமாக ஆரம்பித்தது. மியூனிக்கில் 1981இல் திரைப்படப் பள்ளிகளுக்கென்றே ஒரு விழா தொடங்கியது. கான் விழா 1998இல் சினேஃபொந்தாசியோன் என்ற மாணவர் பிரிவைத் தொடங்கியது. புனே மாணவியான பாயல் கபாடியாவின் 'பிற்பகல் மேகங்கள்' 2017இல் அதில் இடம்பெற்றது. ஒரு வீட்டுக்குள், வயதான கைம்பெண்ணும் நேபாளத்திலிருந்து வந்த பணிப்பெண்ணும் கழிக்கும் பொழுதே அந்தப் படம். ஒருத்தி வீட்டைவிட்டு வெளியே போகாதவள், மற்றவள் வீட்டைவிட்டு வெகுதூரம் வந்தவள்.

மாணவர் படங்களின் பிரதிகள் பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரியின் கிடங்கிலேயே தங்குகின்றன. ஃபிலிம் பிரதிக்குக் குளிர்ந்த, ஈரமற்ற அறை வேண்டும். இல்லையேல் அசிட்டேட் சிதைந்து காடி நாற்றம் அடிக்கத் தொடங்கும். டிஜிட்டல் கோப்புகளுக்கு வேறு கேடு: வன்தட்டு பழுதாகும், கோப்பு வடிவம் வழக்கொழியும். கதைக்காக மட்டுமன்றி இடத்துக்காகவும் இவற்றைப் பாதுகாப்பதில் இப்போது அக்கறை கூடியிருக்கிறது. விற்றுப்போன வீட்டின் பத்திரம் அதன் பரப்பளவையும் நான்கு எல்லைகளையும் சொல்லும். மாடிப்படியில் காலை வெயில் எதுவரை வந்தது என்பதை அந்த வீட்டுப் பிள்ளை எடுத்த பட்டயப் படம் சொல்லும்.